வீட்டுச் சர்வரின் பதிவேடு

எங்கள் வீட்டுச் சர்வர் சமையலறையில், அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது. திரையில் விரிசல் விட்ட பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி. விற்றால் ஐம்பது ரிங்கிட் தேறுமா என்பதே சந்தேகம். அப்பாவின் படங்களும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. செத்துப்போன மனுஷனை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் மாத வாடகைக்குக் குடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்வது பெரிய வித்தை இல்லை. எஃப்-டிராய்டிலிருந்து டெர்மக்ஸ் செயலியை இறக்கினால் கைப்பேசிக்குள் ஒரு லினக்ஸ் முனையம் திறக்கும். ஒரே கட்டளையில் என்ஜின்எக்ஸ் வந்துவிடும். ரூட் செய்யாத கைப்பேசியில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகள் கிடைக்காது, அதனால் 80க்குப் பதில் 8080. பின்னணியில் ஓடும் எதையும் ஆண்ட்ராய்டு சொல்லாமல் கொள்ளாமல் கொன்றுவிடும். 12ஆம் பதிப்புக்குப் பிறகு இன்னும் மோசம். இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். அவ்வப்போது அதன் முதுகைத் தடவிப் பார்ப்பேன், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. வெளியிலிருந்து வர டெயில்ஸ்கேல். அம்மா, தங்கை, நான் என மூன்றே பேர். ஒவ்வொருவர் கருவிக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி உண்டு, அது மாறாது.

ஒருநாள் அம்மா, "படம் தொறக்க மாட்டேங்குதுய்யா" என்றார். என்னவென்று பார்க்க என்ஜின்எக்ஸின் பதிவேட்டைத் திறந்தேன். யார், எந்த நொடியில், எந்தக் கோப்பைக் கேட்டார்கள் என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தது. நான் எழுதச் சொல்லவில்லை. அது அதன் இயல்பு.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கையின் முகவரி. பதினோரு இரவுகள், விடிகாலை மூன்று மணிவாக்கில், ஒரே கோப்பு. பதினான்கு விநாடி. எனக்கும் அது மனப்பாடம். "மழ வர்ற மாதிரி இருக்கு, கொட எடுத்துக்கிட்டியாம்மா?" அவ்வளவுதான் அதில்.

அப்பாவின் சாவு வீட்டில் அவள் அழவில்லை. போனில் கேட்டால், "நல்லாத்தாண்ணே இருக்கேன்." அவள் எனக்குச் சொல்லாததை அரிசி டின் மேலிருந்த சாமான் சொல்லிவிட்டது.

2010இல் நியூயார்க்கில் பேசிய சட்டப் பேராசிரியர் எபென் மோக்லன், ஒவ்வொருவர் வீட்டிலும் அவர்களுக்கே சொந்தமான சின்ன சர்வர் இருக்கவேண்டும் என்று வாதிட்டார். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் வீடு என்பது ஒரு ஆள் இல்லையே. எங்கள் வீட்டில் சாவி என்னிடம் மட்டும் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பதிவேட்டில் என் தங்கை கோடி வரிகளில் ஒரு வரி. அதைப் படித்து அங்கே யாருக்கும் நெஞ்சு அடைக்காது. நான் படித்தால் அடைக்கிறது. அப்படியானால் யாருடைய கண் அவளை அதிகம் கூசவைக்கும்? பாசத்தோடு பார்த்தேன் என்பது பதிலாகாது. கதவிடுக்கில் ஒட்டுக்கேட்கும் மாமியாரும் அக்கறையில்தான் கேட்டேன் என்பார்.

அதேசமயம், தெரிந்த பிறகு தெரியாததுபோல் இருப்பதும் சுலபமாக இல்லை. அன்றிரவு அவளை அழைத்தேன். கேட்க வந்ததை விட்டுவிட்டு, "சாப்ட்டியா?" என்றேன். "என்னண்ணே திடீர்னு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. பதிவேட்டைப் பார்க்காமலிருந்தால் நம்பியிருப்பேன். அவள் எனக்குக் காட்ட நினைத்த முகத்தை அவளிடமிருந்து நான் பிடுங்கியிருந்தேன்.

அமைப்புக் கோப்பைத் திறந்து பதிவு எழுதுவதை நிறுத்தினேன். பழையதையும் அழித்தேன். அவள் ராத்திரி தனியாக உடைந்துபோனால் இனி எனக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஒரு தடவை மறுபடி திறந்துவிடலாமா என்றுகூட விரல் போனது.

சில வாரம் கழித்து ஓர் இரவு போன் அடித்தது. மூன்று பத்து.

"அண்ணே, அது தொறக்கலண்ணே."

ஆண்ட்ராய்டு மறுபடி கொன்றிருக்கும். எது என்று நான் கேட்கவில்லை. "இரு, கட் பண்ணாத" என்று சொல்லிக்கொண்டே சமையலறை விளக்கைப் போட்டேன்.