மொட்டையடித்தால் ஈமான் வருமா?

2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத் தலைநகரான பண்டா அச்சேயில், அநாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் இசை நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. சேவல் கொண்டையாக நிறுத்தியிருந்த முடியை மழித்து, தோடு, சங்கிலிகளைக் கழற்றி, குளத்தில் இறக்கிக் குளிக்கவைத்து, கையில் டூத் பிரஷ் கொடுத்து, தொழவும் வைத்தார்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பத்து நாள் இது நடந்தது. பிள்ளைகளை நல்வழிப்படுத்துகிறோம் என்றார்கள் அதிகாரிகள். மனதார நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனாலும், எந்த மார்க்கத்தைக் காக்கப் புறப்பட்டார்களோ அந்த மார்க்கத்துக்கே அது விரோதமானது.

அச்சே மக்கள் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பள்ளி. அதில் தொழுகையின் முதல் ஃபர்ளு, அதாவது முதல் கட்டாயக் கடமை, நிய்யத் எனும் மனதின் எண்ணம். லத்தியால் ஒருவனைக் குனியவைக்கலாம், நிய்யத்தை அவன்தான் வைக்க வேண்டும். அதே மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி தன் வாழ்க்கை வரலாற்றில் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதப் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைக் கண்டு, பெற்றோரிடமிருந்து வந்த நம்பிக்கை மட்டும் போதுமா என்ற கேள்வி இளவயதிலேயே அவருக்குள் எழுந்தது. 1095இல் பாக்தாதின் உயர்ந்த ஆசிரியப் பதவியையும் உதறிவிட்டுப் போனார். ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், அவர் நாடிய உறுதி கிடைத்தது தேடலின் வழியேதான். கட்டுப்பாடான ஊரில் வளரும் பிள்ளை முரண்டு பிடிப்பதை அழிவின் அறிகுறியாக மட்டுமே பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுக்க வழியே இல்லாத இடத்தில், ஒருவன் ஏற்றுக்கொண்டானா, அடங்கிப்போனானா என்று யாரால் சொல்ல முடியும்?

பழக்கம்தானே பக்தியாகிறது, சிறுவயதில் கண்டித்து வளர்ப்பதில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தாயின் கண்டிப்புக்குப் பின்னால் பல வருடப் பாசம் இருக்கிறது. சவரக்கத்தியோடு வந்த போலீஸ்காரருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே அச்சம் மட்டுமே இருந்தது. பங்க் லண்டன் சரக்கு என்பதும் வலுவான வாதமில்லை. இஸ்லாமும் அச்சேக்குக் கடல்வழியே வந்ததுதான்.

அச்சேயின் காயத்தை மட்டும் லேசாக ஒதுக்க முடியாது. முப்பதாண்டுப் பிரிவினைப் போர், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பலிகொண்ட 2004 சுனாமி, 2005இல் அந்தப் போரை முடித்த ஹெல்சின்கி ஒப்பந்தம். அத்தனை இழந்த சமூகம் மார்க்கத்தை இறுகப் பற்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளைகளில் அச்சேயில் வளர்ந்தவர்களும் அதே சுனாமிக்குத் தப்பியவர்கள்தான். குர்ஆன் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் கடமைகளில் ஒன்று அநாதைகளை ஆதரிப்பது. கொண்டை முடியோடு அன்று அவர்கள் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அதைத் தடுத்துவிட்டு, முடியை மழித்ததை ஒழுக்கம் என்றார்கள்.

பத்து நாள் கழித்து, எந்த வழக்கும் இல்லாமல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அன்று நடந்தது தவறு என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள், கஸ்ஸாலியைப் பாடம் நடத்தும் அச்சேயின் ஆலிம்களே, மார்க்க அறிஞர்களே.