கோட்டுக்கு வெளியே

எங்கள் மதினிக்கு வாலிபால் ஆடத் தெரியாது. பந்தைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் கல்லூரிப் பெண்கள் ஆடும் மேட்ச் ஒன்றை அவரோடு உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குத் தனியாகப் பார்க்கப் பிடிப்பதில்லை. "அந்த நெட்டப் பிள்ளய விடு. அதுக்குப் பந்தத் தூக்கிக் குடுக்குது பாரு குட்டையா ஒண்ணு, அதப் பாரு. முதுகுப்பக்கம் தள்ளப் போகுதுன்னா இடது தோளு லேசா எறங்கும்" என்பார். அடுத்த பந்தில் தோள் இறங்கும். பந்து பின்னால் போகும். எதிரணியில் இரண்டு பேர் ஆளில்லாத இடத்தில் குதித்துவிட்டு இறங்குவார்கள்.

மதினி இருபது வருடமாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். தேவாரத்திலிருந்து நேரே மலையேற சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டு ஊர் ஓய்ந்துவிட்டது. ஜீப் இன்னும் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் போகிறது. ஏலச்செடியில் காய் தலைக்கு மேல் தொங்காது. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு கிடக்கும். குனிந்து, சரத்தில் விளைந்ததை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஒரே பச்சையில் எது விளைந்தது, எது விளையவில்லை என்று பார்த்துப் பழகிய கண் அது. செட்டரின் தோளை அந்தக் கண்தான் பிடித்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

பெண்களைப் பார்ப்பதற்கு நம் வீடுகள் நமக்குக் கொடுத்த பயிற்சி வேறு. பெண் பார்க்கப் போகும்போது கூடப் போயிருக்கிறேன். நிறம், உயரம், நடை, தலைமுடி, காபித் தட்டை நீட்டும்போது கை நடுங்குகிறதா என்பதெல்லாம் பார்ப்போம். திரும்பி வரும் காரில் மதிப்பெண் போடுவோம். போடுவதில் பாதிப்பேர் பெண்கள். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாலும் இந்தப் பழக்கம் உடனே போய்விடுவதில்லை. முதல் செட் முடியும்வரை எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசியது டவுசரின் நீளம் பற்றி. நான் மட்டும் யோக்கியமா? சர்வீஸை நெட்டில் அடித்த பெண்ணைப் பார்த்து "இதுக்கெல்லாம் எதுக்கு டீம்ல இடம்" என்றேன். என் அத்தை ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்ன குரல் அது, அப்படியே.

இருந்தாலும் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பார்வை மாறும் என்று நம்பினேன். வாலிபாலில் அதற்கு இடமிருக்கிறது. எதிரணியின் சர்வீஸை முறித்துப் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர வேண்டும். நெட்டருகே நின்றவள் பின்னால் போவாள், பின்னால் நின்றவள் முன்னால் வருவாள். பின்வரிசைக்காக மட்டுமே நிற்கும் லிபரோ ஒருத்திக்குத்தான் இந்தச் சுற்று இல்லை. இதைத் தொடர்ந்து பார்க்கிறவளால் ஒரே ஒருத்தியின் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் எங்கே இருக்கிறாள், அடுத்து யார் முன்னால் வருவாள் என்று கணக்குப் போட்டாக வேண்டும். அலசிப் பார்ப்பதே ஒரு மரியாதை என்று நான் நினைத்ததன் காரணம் இது.

1964இல் டோக்கியோவில்தான் பெண்கள் வாலிபால் முதல்முதலாக ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது. சோவியத் அணியை வென்று தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலையின் பெண்கள். பகலில் ஆலை வேலை, பிறகு நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. விழுந்து உருண்டு பந்தை எடுத்து அதே வீச்சில் எழுந்து நிற்கும் முறையை அவர்களுக்குப் பழக்கியவர் பயிற்சியாளர் டைமாட்சு. அந்த இறுதி ஆட்டத்தை ஜப்பானில் தொலைக்காட்சி இருந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு பார்த்தன. அப்படிப் பார்த்த நாடு அவர்களை அழைத்த பெயர் சூனியக்காரிகள். கேப்டன் மசாயே கசாய்க்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற பேச்சு ஓயவேயில்லை. கடைசியில் பிரதமர் சாட்டோவே மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. ஒரு நாடே ஆட்டத்தைப் பார்த்தது. பார்த்து முடித்ததும் பெண் பார்க்கும் வேலைக்குத் திரும்பிவிட்டது.

பார்க்கும் உரிமையே நமக்கு இலவசமாக வந்ததும் இல்லை. 2014இல் தெஹ்ரானில் ஆண்கள் வாலிபால் மேட்ச் பார்க்கப் போன கோன்சே கவாமி கைதாகிச் சிறையில் இருந்தார். மறுமுனையில், 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கல்லூரிப் பெண்களின் வாலிபால் மேட்சுக்கு 92,003 பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் ஆண்கள் டோர்னமென்ட் என்றால் ஃபிளட் லைட்டும் மைக்கும் விடிய விடிய இருக்கும். பெண்கள் மேட்சுக்கு மாலை வெயிலும் கூடப் படிக்கும் பிள்ளைகளும்தான்.

அதனால்தான் அன்று போனில் படம் பிடித்தேன். முழு மேட்ச், ஐந்து செட். இவர்கள் ஆடியதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும், பிறகு மதினியோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று. மூன்றாவது செட்டின் ஒரு நீண்ட ராலியை மட்டும் தெரிந்தவர்கள் குழு ஒன்றில் போட்டேன். செட்டர் எப்படிப் பொய் காட்டுகிறாள் பாருங்கள் என்று எழுதியும் இருந்தேன். அங்கிருந்து யாரோ எடுத்து, எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி குதித்து அடிக்கும் நான்கு நொடியை வெட்டி, மெதுவாக்கி, பாட்டுப் போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். நான்கு நாளில் அது அவள் அப்பா போனுக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவள் பயிற்சிக்குப் போகவில்லை.

வெட்டியவன் மேல் குற்றம். மகளை நிறுத்திய அப்பா மேல் குற்றம். இரண்டையும் நான் சொல்லிப் பார்த்தேன், இரண்டும் உண்மை. எனக்கு அது போதவில்லை. பொது மைதானம்தானே, யாரும் பார்க்கலாம்தானே என்றேன் மதினியிடம். அவர் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நாங்க குனிஞ்சு காயெடுக்கையில டூர் வர்றவங்க ரோட்டுல வண்டிய நிப்பாட்டிப் போட்டா எடுப்பாங்க. அழகா இருக்காம். அவங்களும் நல்ல மனசோடதான் எடுக்காங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

மைதானத்தில் இருந்தவரை அந்தக் குதிப்புக்கு முன்னால் ஒரு பாஸும், தோள் இறங்கிய ஒரு செட்டும் இருந்தன. 2.24 மீட்டர் உயர நெட்டும், அதற்கு அப்பால் நாலு கையும் இருந்தன. அவற்றோடு சேர்த்துத்தான் அது அவளுடைய ஆட்டம். அவற்றை எல்லாம் கழித்துவிட்டு அவளை மட்டும் எடுத்துக்கொண்டான் அவன். ஐந்து செட்டிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு துண்டை எடுத்துப் போட்டபோது அந்தக் கழித்தலை நான் தொடங்கி வைத்தேனா? தொடங்கி வைத்தேன் என்றுதான் இன்று நினைக்கிறேன். அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்ற முடிவுக்கும் என்னால் வர முடியவில்லை. அப்படி வந்தால் அந்த அப்பாவின் முடிவுக்கும் என் முடிவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலுமே அவள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறாள். படம் எடுக்கலாமா என்று ஆறு பேரிடமும் கேட்டிருக்கலாம். அரை நிமிட வேலை. கேட்கத் தோன்றவேயில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆட்டம் தெரிந்தவள் என்ற தெம்பில் எனக்கு அந்த அனுமதி தானாகவே கிடைத்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க மதினியைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா மோர் கொடுக்கச் சொன்னார், வேறு எதுவும் பேசவில்லை. வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டேன், முழுசாக, ஒரு நொடி மிச்சமில்லாமல் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

வாசல்வரை அவள் கூட வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே கேட்காத குரலில், "மூணாவது செட்ல என் பிளாக்கு லேட்டா அக்கா? கோச் லேட்டுன்னாங்க, எனக்கு அப்பிடித் தெரியல. முழு மேட்ச்சும் வச்சிருந்தீங்கன்னு சொன்னாங்களே, அதையும் அழிச்சிட்டீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மதினிதான் சொன்னார்: "லேட்டு இல்லத்தா. நீ சரியாத்தான் எந்திரிச்ச. பக்கத்துல நின்ன பிள்ளதான் உன்னோட சேந்து நகரல."

"அப்பிடியா?" என்று அவள் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். மதினியும் உட்கார்ந்தார்.