இடைகழியில் ஓர் இரவு

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றால், நாலைந்து தேசத்து ஜனங்களைப் பார்த்துவிடலாம். ஒரே நிறத் தொப்பி, முன்னால் குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டி, பின்னால் வெயிலில் சிவந்த முகங்கள். பள்ளிக்கூட நாளில் நானும் என் தோழியும் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவள் வீடு தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நான் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸேறிப் போவேன். ஐம்பது வருடம் கழித்து அப்படி ஒரு தொப்பி எங்கள் தலையிலும் வந்து உட்கார்ந்தது. காவி நிறம். நெற்றிப் பக்கம் ‘முக்திநாத் யாத்திரை’ என்று எழுத்து.

ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் இந்த மண்ணுலகில் இருப்பவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது சாளக்கிராமம் ஒன்றுதான். நேபாளத்தில், முஸ்தாங் மலைப் பகுதியில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் முக்திநாத்தைத்தான் வைணவர்கள் அந்தத் தலமாகக் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்கிற மாமல்லபுரத்தையும் பாடியிருக்கிறார், சாளக்கிராமத்தையும் பாடியிருக்கிறார். “அவர் அந்தக் காலத்துலயே போனாராம், நமக்கு பஸ்ஸில போக வலிக்குதா?” என்று கேட்டுத்தான் தோழி என்னைக் கிளப்பினாள்.

எனக்கு மனமில்லை. ஏகாந்தமாக உட்கார்ந்தால்தான் நம் குரல் பெருமாள் காதில் விழும் என்று ஒரு நினைப்பு. முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியாகப் போய், விசில் சத்தத்துக்கு எழுந்து, விசில் சத்தத்துக்குச் சேவித்து, என்ன யாத்திரை அது?

சோனௌலி எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளச் சொன்னார்கள். நேபாள நேரம் அப்படி. தோழி தள்ளவில்லை. “எங்க ஊர்ல இப்ப திருவாராதனம் நடக்குமா, நடை சாத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியணும்” என்றாள்.

போக்ராவிலிருந்து பஸ்ஸில் நாள் முழுக்கக் குலுங்கி, ஜோம்சோம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடும். அதனால்தான் அங்கே சின்ன விமானங்கள் காலையோடு சரி. ராத்திரியும் ஜன்னல் கதவு ஆடிக்கொண்டேயிருந்தது. கூட வந்த சமையல்காரர் ரசத்துக்கு வைத்த பருப்பு அந்த உயரத்தில் வேக மறுத்தது. எங்கள் அறையில் இரண்டு கட்டில், மூன்று பேர். மூன்றாமவர் திருவாரூர்ப் பக்கத்து அம்மாள். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், இருமிக்கொண்டிருந்தார். யாத்திரை மேலாளரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று நான் எழுந்தேன்.

அதற்குள் தோழி ஒரு கம்பளியைத் தரையில் விரித்துவிட்டாள். “பேசாம படுடி. எங்க ஊர்ப் பெருமாளே தரையிலதான் படுத்திருக்கார்.”

மற்ற ஊர்களில் பெருமாள் பெரும்பாலும் ஆதிசேஷன் மேல் பள்ளிகொள்வார். கடல்மல்லையில் பாம்பணை கிடையாது, வெறுந்தரை. தலசயனம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஐம்பது வருடமாக அந்தச் சன்னிதியில் நின்றிருக்கிறேன். ஒருவர் தரையில் படுத்தால் இன்னொருவருக்குக் கட்டில் கிடைக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தூக்கம் வரவில்லை. திருக்கோவலூர் நினைவுக்கு வந்தது. மழை பெய்த ராத்திரி, ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். கடல்மல்லையில் குருக்கத்திப் பூவில் பிறந்த பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். மயிலையின் பேயாழ்வார் வந்தார், மூவரும் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் நாலாவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது, அது பெருமாள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றைக்கு வேறு ஒன்றைக் கவனித்தேன். வந்தவர் ஒவ்வொருவருக்காகவும் இருந்தவர் தன் சௌகரியத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறார். பொய்கையார் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? நன்றாகத் தூங்கியிருப்பார், அவ்வளவுதான்.

கட்டிலில் அந்த அம்மாளின் இருமல் அடங்கி, மூச்சு சீராயிற்று.

முக்திநாத்தில் சன்னிதிக்குப் பின்னால் அரைவட்டச் சுவர். அதில் மாட்டுத் தலை வடிவில் 108 நீர்த்தாரைகள், பனி உருகின குளிர். ஒவ்வொரு தாரைக்கும் ஒரு திவ்ய தேசத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவதாகத் திட்டம். திருவரங்கம், உறையூர் என்று ஆரம்பித்தேன். பத்தாவதிலேயே வரிசை போயிற்று. திருவாரூர் அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “பெருமாளே, குளிருதுடா!” என்று கத்தினார். தோழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்று பேரும் ஓடினோம். என் ஜெபம் அதோடு சரி. உள்ளே ஒரு புத்த பிக்குணி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். திபெத்திய பௌத்தர்களுக்கும் அது புண்ணியத் தலம். இரண்டு பேருக்கும் அங்கே எப்போதிருந்தோ இடம் போதுகிறது.

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் வண்டி நின்றது. இமயம் எழும்புமுன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சுருள்கூட்டு உயிர்கள் கல்லாகிப் போனவைதான் சாளக்கிராமக் கற்கள். தோழி கறுப்பாக ஒரு கல்லை எடுத்து, மாமல்லபுரம் கரையில் சங்கை வைத்துக் கேட்பது போலக் காதில் வைத்துக்கொண்டாள்.

“என்னடி கேக்குது?”

“காத்துதான்” என்று சொல்லிவிட்டு, கல்லைத் திரும்ப ஆற்றில் விட்டாள்.

விசில் அடித்தது. மேலாளர் பஸ்ஸுக்குள் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். முப்பத்துமூன்று. முகம் சுளித்துக்கொண்டு மறுபடி பின்னாலிருந்து எண்ணினார், அதே முப்பத்துமூன்று. கடைசி வரிசையில் வண்டியின் உதவியாள் பையன் குளிருக்கு எங்கள் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். திருவாரூர் அம்மாளின் தலை வெறுமையாக இருந்தது.

“ஒருத்தர் கூட வருதே” என்றார் மேலாளர்.

“வரட்டும் தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றாள் என் தோழி, எனக்கு இடம் விட்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்துகொண்டே.