நகர்ந்த கோடும் நகராத கோடும்

சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் மத்தியஸ்தம், 1959-இல் பாராளுமன்றச் சட்டம் என்று இத்தனையும் நடந்து தேசப்படத்தில் ஒரு கோடு நகர்ந்தது. சரி. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கிற கோட்டை நகர்த்த எந்த மத்தியஸ்தர் வந்தார்? அது அச்சடித்த படத்தில் இருக்கோ இல்லையோ, சாமி ஊர்வலம் எங்கே திரும்பும் என்று நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும்.

இன்னொரு படமும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். 1892-இல் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. “அந்தப் புளியமரத்துலேர்ந்து இந்தக் கெணறு வரைக்கும் நம்முது” என்று கிழவிகள் சொல்வதைக் கற்பனை என்கிறார்கள். இல்லை, அது சாட்சியம். மொழிக்காக எல்லையைத் திருத்துவது நியாயம் என்றால், மண்ணுக்காகத் திருத்துவது எப்படி அநியாயமாகும்? சர்வே நம்பரைத் தேடுவோம்.