அறிந்தபின் வரும் கடமை

அறிவு எப்போதும் நன்மையே பயக்குமா? பழமையான இக்கேள்வி இன்று ஸ்கேன் அறையில் புதிய வடிவில் எழுகிறது.

கருவுற்ற 18 முதல் 22 வாரங்களுக்குள், சிசுவின் இதய அறைகள் நான்கையும் அவற்றிலிருந்து புறப்படும் பெருங்குழாய்களையும் அல்ட்ராசவுண்டு மூலம் காண முடிகிறது. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறக்கிறது. சிறு துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. சில குறைகள் கடுமையானவை.

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி அமைவது அத்தகைய குறை. கருப்பையில் நச்சுக்கொடி வழியே பிராணவாயு கிடைப்பதால் சிசுவுக்குத் துன்பமில்லை. பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உடல் நீலம் பாரிக்கிறது. முன்பே அறிந்திருந்தால், இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்திற்கு ஏற்பாடு செய்யலாம். இத்தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவை 1975-இல் பிரேசிலில் முதன்முதலாக வெற்றி கண்டது. இன்று நம் நாட்டிலும் நடைபெறுகிறது. இங்கே அறிவு உயிர் காக்கிறது.

ஆனால் இதயத்தின் இடப்பக்கமே சரிவர வளராத சிசுவுக்கு அடுத்தடுத்துப் பல அறுவைகள் தேவை, பலனும் உறுதியன்று. கருவில் பெருங்குறை உள்ளதென மருத்துவக் குழு கண்டறிந்தால், 24 வாரங்களுக்குப் பின்னரும் கருக்கலைப்புக்கு 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் இடமளிக்கிறது. சட்டம் வழிவிடுவது வேறு, தர்மம் எதுவெனத் தெளிவது வேறு. அந்த இடைவெளியில் பெற்றோர் தனித்து நிற்கின்றனர்.

அவர்களிடம், ‘எல்லாம் கர்மம்’ என்பார் சிலர். ‘ஆன்மா அழிவற்றது, வருந்தாதீர்’ என்பார் சிலர். இரண்டும் சாஸ்திரம் கூறுபவையே. எனினும், ஆன்மாவின் அழியாமை நம் அச்சத்தை நாம் வெல்வதற்கு உரியது. பிறர் வேதனையைச் சிறிதாக்குவதற்கு அன்று. கர்மக் கொள்கையும் என் செயலுக்கு நானே பொறுப்பு என்று உணர்த்துவது. பிறவாத சிசுவின்மீது தீர்ப்பு எழுதுவதற்கு அன்று. நோய் கர்மத்தால் வந்ததெனில், அது உரிய காலத்தில் தெரியவந்ததும் அக்கர்மத்தால் அல்லவா?

1884-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களிடம் நாம் காட்ட வேண்டியது இரக்கம் அன்று, சிவனாகக் கண்டு செய்யும் சேவை என்று உணர்த்தினார். இரக்கம் குறையை முதலில் காண்கிறது. சேவை குழந்தையை முதலில் காண்கிறது. குறை இதயத்தில் உள்ளது; அக்குழந்தையின் ஆன்மாவில் இல்லை.

ஆகவே, மிகக் கடினமான நிலையில் முடிவெடுத்த பெற்றோரை நாம் பழிக்க வேண்டா. ஆனால் செலவுக்கு அஞ்சி ஒரு தாய் தன் சிசுவைக் கைவிட நேர்ந்தால், அம்முடிவில் நமக்கும் பங்குண்டு. மருத்துவச் செலவுக்குப் பொருள், அறுவைக்கு இரத்தம், தொலைதூர நகரில் தங்க இடம், அருகில் அமர ஒரு துணை: இவற்றை அளிப்பதே அறிந்தபின் நம்மீது வரும் கடமை.