மூன்று நாள்

இளவயதில் கூடப்பிறந்தவரைப் பறிகொடுத்த பிள்ளைக்கு நாம் சொல்லும் முதற்சொல் 'ஸபூர் செய்' என்பது. அழுதால் அதட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்றாஹீமுக்காகக் கண்ணீர் விட்டது அவ்வேளை நமக்கு மறந்துபோகிறது.

சகோதரர் மௌத்தாகி மூன்று நாள் கழிந்ததும் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் நறுமணம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் நாட்டமில்லை. கணவனல்லாதோருக்கு மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கலாகாது என்று நபிகளார் சொல்லக் கேட்டதாலேயே பூசுவதாகவும் சொன்னார்கள். அந்த 'நாட்டமில்லை'யில்தான் என் மனம் நிற்கிறது. கெடு, கோலத்துக்கு, நெஞ்சுக்கல்ல.

1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதற்கு முதல்நாள் காக்காவை அடக்கிய ஒரு பதினைந்து வயதுத் தம்பி அவர்களிடையே இருந்திருந்தால்? புத்தளத்து ஓலைக்கொட்டிலில் எல்லோரும் வீட்டையும் நகையையும் சொல்லி அழுதபோது, அவன் ஒரு கபுறைச் சொல்லி எப்படி அழுவான்? (ஸியாரத் கூடுமா கூடாதா என்ற நமது வாதம் வேறு. அவனுக்கு வழியே இல்லை.) ஏ9 பாதை திறந்தது 2002இல். அவன் மையவாடி வாசலில் போய் நின்றால், மூன்று நாளை எங்கிருந்து எண்ணுவது?

அவனிடம் கணக்குச் சொல்ல எனக்கு நா எழாது. 'காக்கா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பேன்.