ஒரு சோறு பதமாகுமா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. கணக்கெடுப்புக் கலையின் அடிப்படை இவ்வொரு வரியில் அடங்கிவிடுகிறது எனலாம். நாட்டு மக்கள் அனைவரையும் கேட்டறிதல் இயலாது; ஆகவே சிலரைத் தேர்ந்து, அவர்தம் நோயையும் நலத்தையும் கேட்டு, அவ்விடையை அனைவர்க்கும் பொருத்திப் பார்க்கின்றனர். ஆயின், மேலாக அள்ளிய சோறு அடியில் தீய்ந்து கிடப்பதைக் காட்டுமா? யாரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பவை கணக்கியல் வினாக்கள் மட்டுமல்ல. அறம் சார்ந்த வினாக்களும் ஆகும்.

அமெரிக்காவில் நெடுங்காலம் வீட்டுத் தொலைபேசி வழியாகவே உடல்நல ஆய்வுகள் பல நடந்தன. எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே வட்டாரத்தைக் காட்டிவிடும். கைப்பேசி வந்தபின் அவ்வொழுங்கு குலைந்தது. ஓர் ஊரில் பெற்ற எண்ணோடு மக்கள் வேறு மாநிலத்தில் குடியேறுகின்றனர். வீட்டுத் தொலைபேசி இல்லாதோருள் இளையோரும், வாடகைக்குக் குடியிருப்போரும், வறியோரும் மிகுதி. அவர்களை விடுத்துப் புகைப்பழக்கத்தை அளந்தால் அளவு பிழைபடும் அன்றோ? எனவே, அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் மாநிலந்தோறும் நடத்தும் தொலைபேசி ஆய்வின் 2011ஆம் ஆண்டு முடிவுகள் முதல் கைப்பேசியாளரும் சேர்க்கப்பட்டனர்.

எண் காட்டாத இருப்பிடத்தைக் கட்டண முகவரி காட்டக்கூடும். கருவி தொடர்புகொள்ளும் கோபுரமும் காட்டும். இவற்றைக் கொண்டு ஒரு வட்டாரத்தாரைத் தேர்ந்தெடுக்கலாம். எனினும், முன்பணம் செலுத்திப் பேசும் ஏழைக்குக் கட்டண முகவரி இராது. கருவியே இல்லாதாரை எக்கோபுரமும் காட்டாது. இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே தாம் பயன்படுத்தும் கைப்பேசியை உடையவர். வீடுவீடாகச் சென்று கேட்டதனால் அன்றோ இவ்வுண்மையும் புலப்பட்டது!

விடுபடுதல் ஒரு தீங்கு எனில், அறியாமலே பின்தொடரப்படுதல் மற்றொரு தீங்கு. 'பொதுநலத்திற்காகத்தானே, இருப்பிடத்தை அறிந்தால் என்ன?' என்பர் சிலர். சிங்கப்பூரின் பட்டறிவு இங்கு நினைக்கத்தக்கது. கோவிட் பெருந்தொற்றின்போது, 2020இல் வந்த 'டிரேஸ்டுகெதர்' செயலி இருப்பிடத்தைப் பதியவில்லை. அருகிருந்தோர் கருவிகளையே பதிந்தது. தொற்றுத் தடமறிய மட்டுமே அது பயன்படும் என்று கூறப்பட்டது. ஆயின், குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறையும் அவற்றைப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது மக்களிடையே மனக்குறை எழுந்தது. கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என வரம்பிடும் சட்டம் அடுத்த மாதமே நிறைவேறியது. நல்ல நோக்கத்திற்கும் எல்லை வகுத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நலம் விசாரித்தல் நம் பண்பாடு. விசாரிப்பவர் வாயிலில் நின்று கேட்கிறார். விடை சொல்வதும் சொல்லாமல் விடுவதும் வீட்டாரின் உரிமை. உடல்நல ஆய்வும் ஒருவகை நலம் விசாரிப்பே. ஆதலின், மாவட்டம் தெரிந்தால் போதுமெனில் வீட்டைத் தேடலாகாது. இசைவு பெறாமல் ஒருவர் இருக்குமிடத்தைத் தொடரலாகாது. சொன்ன பயன் முடிந்ததும் பதிவை அழித்துவிடல் வேண்டும். கைப்பேசி இல்லாதார் வாயிலுக்கோ நடந்தே செல்லல் வேண்டும். அவ்வாறு செல்லும் ஆய்வே, பானையின் அடிச்சோற்றையும் அறிந்த ஆய்வாகும்.